வேப்பமர நிழலில் நாற்பத்தெட்டு மதிப்பெண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், எழுத்துப்பூர்வமான ஆதாரம் இருக்கிறது. நூற்று இருபது பக்கம், பழுப்பு நிற அட்டை, ஒவ்வொரு பக்க ஓரத்திலும் ஸ்கெட்ச் பேனாவில் பூ வேலைப்பாடு. எழுதியது நான். பூ போட்டது என் மனைவி. பூக்களில் மட்டும் தவறு எதுவும் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. பண்ணைக்காட்டில் குடியிருந்துகொண்டு பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். அப்போது கொடைக்கானலில் ஆசிரியர்களுக்கென்று ஒரு முதுநிலைப் பயிற்சி நடந்தது. பேச்சு தாமதமான குழந்தைகள், காது சரியாகக் கேட்காத குழந்தைகள், மற்றவர்களைவிட மெதுவாகக் கற்கும் குழந்தைகள், இவர்களுக்கு ஆறு வயதுக்குள் எழுத்தையும் வாசிப்பையும் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று இரண்டு வருடம் சொல்லித்தருவார்கள். சனிக்கிழமைகளிலும் மே மாதத்திலும் வகுப்பு. மே மாதம் சீசன் அல்லவா, சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே எங்கள் பஸ் அருவி வளைவில் ஒரு மணி நேரம் நகராமல் நிற்கும். அந்த ஒரு மணி நேரமும் பஸ்ஸைச் சிரிக்க வைப்பது என் பொறுப்பு. படிப்பில் நான் சுமார்தான். ஆனால் எங்கள் பேராசிரியர் எப்படி மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார் என்று நடித்துக் காட்டச் சொன்னால் என்னை அடிக்க ஆள் கிடையாது. நான் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரித்துவிடும். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தப் படிப்பின் உயிரே களப்பணிதான். ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, அது இருக்கும் இடத்துக்கே இருபத்து நான்கு நாள் போய், கவனித்து, கற்றுக்கொடுத்து, அன்றன்று நடந்ததை ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். நோக்கம் அருமையானது. ஆனால் எங்கள் ஆசிரியர் உலகத்தில் ரெக்கார்டுக்கென்று ஒரு தனி வழக்கம் உண்டு. முந்தைய வருடம் படித்தவரிடம் வாங்கு, குழந்தையின் பெயரை மாற்று, முத்து முத்தாக எழுது, அட்டை போடு. அவரும் தனக்கு முந்தையவரிடம் வாங்கியிருப்பார். முதல் ரெக்கார்டை எழுதிய மகான் யாரென்று எவருக்கும் தெரியாது.

எனக்குக் கிடைத்தது ஐந்து வயதுப் பெண் குழந்தை. மலைச்சரிவில் ஒரு காப்பித் தோட்டத்தின் லைன் வீட்டில் இருந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். லைன் வீட்டை அவர்கள் இன்னும் லயம் என்றுதான் சொல்வார்கள். அப்பா இல்லை. அம்மா தோட்டத்தில் தினக்கூலி. குழந்தை மொத்தமே ஐந்தாறு சொற்கள்தான் பேசுவாள். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், சில நேரம் திரும்ப மாட்டாள்.

டிசம்பரில் முதல் நாள் போனேன். தூறல். ஜீப்பிலிருந்து இறங்கி ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேர நடை. போய்ச் சேர்ந்தபோது காலில் மூன்று அட்டைப்பூச்சி. நான் போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது. குழந்தையைக் கவனிக்கப் போனவனை எல்லோரும் கவனித்தார்கள். அந்த அம்மா உப்பு வைத்துப் பூச்சியை எடுத்துவிட்டு, பால் இல்லாத பிளேன்டீ கொடுத்தார். நான் குழந்தைக்கு ஒரு பலூன் ஊதிக்கொடுத்தேன். முதல் நாள் முடிந்தது.

இரண்டாம் நாள் காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக இருந்தது. அம்மா கொட்டிவைத்த குவியலுக்கு முன்னால் சாக்குமேல் உட்கார்ந்து அந்தக் குழந்தை பழத்தை வேறாகவும் காயை வேறாகவும் பிரித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு இந்தப் பக்கம், பச்சை அந்தப் பக்கம். பாதி பழுத்ததை ஒரு நொடி திருப்பிப் பார்த்து மூன்றாவதாக ஒரு குவியல். கை நிற்கவே இல்லை. நான் அதைப் பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன். "விளையாடிக்கிட்டு இருக்கா, நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பிடிக்க ஓடினேன்.

அந்த 'நாளைக்கு' ஜூன் மாதம் வரை வரவில்லை.

வத்தலக்குண்டில் எனக்கு முந்தைய வருடம் படித்த ஒருவர் இருந்தார். கொடைக்கானல் ஹோம்மேட் சாக்லேட் ஒரு டப்பா கொடுத்ததும் அவர் ரெக்கார்டு என் கைக்கு வந்துவிட்டது. அவருடைய குழந்தை சமவெளியில் ஒரு பையன், எல்லாவற்றிலும் மிகவும் பின்தங்கியவன். அல்லது அப்படி ஒரு பையன் எந்தக் காலத்திலோ யாருக்கோ இருந்திருக்க வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். 'அவன்' என்று வந்த இடமெல்லாம் 'அவள்'. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. 'சிவப்பு, பச்சை வேறுபாடு அறியவில்லை' என்று எழுதினேன். 'தாயை அடையாளம் காண்பதில் தடுமாற்றம்' என்று எழுதினேன். கடைசிப் பக்கத்தில் 'சாதாரணப் பள்ளியில் சேரத் தகுதியற்றவர். தங்கிப் பயிலும் சிறப்பு இல்லத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறார்' என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன். கோடு கோணாமல் வந்ததில் எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா?

ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. பேராசிரியர் பக்கங்களை விசிறி மாதிரிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பார்டர் ரொம்ப நீட்" என்றார். என் ரெக்கார்டு கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அட்டையில் ஒரு தங்கக் காகித நட்சத்திரம் வேறு.

அந்த ஏற்பாட்டில் ஒழுங்காக நடந்த வேலை ஒன்றே ஒன்றுதான். குழந்தையின் நன்மைக்காக, ரெக்கார்டின் கடைசி நான்கு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, குழந்தை வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளிக்குத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். அதை மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அனுப்பினார்கள்.

ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாவது திங்கள்கிழமை. பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா குழந்தையின் கையைப் பிடித்தபடி எங்கள் பள்ளி வாசலில் நின்றார். குழந்தைக்குப் புதுப் பாவாடை சட்டை, தலையில் ரிப்பன். அம்மாவின் கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதம்.

"சார், நம்ம புள்ளய ஒண்ணாம் வகுப்புல சேக்க மாட்டேங்குறாங்க. ஏதோ பேப்பரு வந்திருக்காம். ரெண்டு தரம் போயி நடையா நடந்து இதக் கேட்டு வாங்கியாந்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கதானே நம்ம புள்ளயப் பாத்த சாரு. என்னா எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

பிரித்தேன். என் கையெழுத்து. ஜெராக்ஸில் என் மனைவியின் பூக்கள் கறுப்பாக விழுந்திருந்தன.

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் மனிதன். நான் அப்போதும் சாமர்த்தியம்தான் செய்தேன். வாசிப்பது போல வாசித்து, கெட்ட வரிகளையெல்லாம் தாண்டித் தாண்டிப் போனேன். 'தகுதியற்றவர்' வந்தால் 'கொஞ்சம் பழக வேண்டும்' என்றேன். 'தடுமாற்றம்' வந்தால் இருமினேன். அப்படித் தாண்டிப் போகிற வேகத்தில், கெடுதல் இல்லாத வரிதானே என்று ஒரு வரியை உள்ளபடியே வாசித்துவிட்டேன்: 'வெயில் கடுமையாக இருந்ததால் வழக்கம்போல் வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் பாய் விரித்துக் குழந்தையை அமர்த்தினேன்.'

"நில்லுங்க சார். என்னா மரம்?"

"வேப்பமரம்."

"எங்க லயத்துல ஏது சார் வேப்பமரம்?"

அந்த உயரத்தில், மார்கழிப் பனியில், கடுமையான வெயில், வேப்பமர நிழல்! மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய எனக்கு உறைக்கவில்லை. மதிப்பெண் போட்டவருக்கு உறைக்கவில்லை. அலமாரியில் வைத்தவர்களுக்கும் உறைக்கவில்லை. அந்த ரெக்கார்டை முதன்முதலாக ஒழுங்காகப் படித்தவர், படிக்கத் தெரியாத அந்த அம்மாதான்.

"இது எங்க புள்ளயே இல்ல சார். வேற யாரோ புள்ளயப் பாத்து எவனோ எழுதியிருக்கான். யாருன்னு சொல்லுங்க, நான் போயிக் கேக்குறேன்."

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பேனே, அன்று ஒன்றும் வரவில்லை. "நான்தாம்மா" என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு நாளு வந்தீங்க. சிரிச்சு சிரிச்சுப் பேசுனீங்க. பலூன் குடுத்தீங்க. அவ மூணு நாளு வாசல்ல ஒங்களுக்காக நின்னா தெரியுமா? இந்த வருசம் சேக்கலன்னா என்கூடத் தோட்டத்துக்குத்தான் வருவா. ஒரு தரம் வந்துட்டா அப்புறம் எங்க இஸ்கூலு? அவ கையப் பாருங்க."

பிஞ்சு விரல் நுனிகள் செடிக் கறையில் கறுத்திருந்தன. அந்தக் கையால் அவள் என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். பலூன் இருக்கிறதா என்று.

எனக்கு அப்படி ஒரு கோபம் வாழ்க்கையில் வந்ததில்லை. முதலில் என்மேல், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் என்மேல் மட்டும் கோபப்பட்டால் மற்றவர்களெல்லாம் தப்பித்துவிடுவார்களே! அந்த வாரச் சனிக்கிழமை கொடைக்கானலுக்குப் போனேன். பஸ்ஸில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்புக்கு என்ன என்று நான்கு பேர் கேட்டார்கள்.

வகுப்பு நடுவில் எழுந்து, "ஐயா, அலமாரியில் இருக்கிற என் ரெக்கார்டு முழுக்கப் பொய். காப்பி அடித்தது. அதை ரத்து செய்து அந்தப் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுங்கள்" என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நல்ல டைமிங் சார்" என்றார். மறுபடி சொன்னேன். இன்னும் பெரிய சிரிப்பு. மூன்றாவது தடவை சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். எல்லோரும் தங்கள் தங்கள் மேஜையைப் பார்த்தார்கள். ஏனென்றால் அந்த அறையில் இருந்த எல்லோர் பையிலும் அப்படி ஒரு ரெக்கார்டு இருந்தது.

பேராசிரியர் என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். ரெக்கார்டு என்பது ஒரு சம்பிரதாயம் என்றார். எல்லோரும் செய்வதுதான் என்றார். மதிப்பெண் மேலே போய்விட்டது, இப்போது கிளறினால் உங்கள் பட்டமும் போகும், எங்கள் பெயரும் போகும் என்றார். அதுவரை தலையைக் குனிந்துதான் நின்றேன். கடைசியாக, "இப்ப என்ன சார், அந்தப் புள்ள அடுத்த வருஷம் சேந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

அடுத்த வருஷம்! பஸ் போனால் அடுத்த பஸ் என்பது போல. ஐந்து வயதில் ஒரு வருடம் என்றால் என்ன என்று எங்களுக்குப் பாடம் எடுத்ததே அவர்தான். அந்த வயதில் மொழி எப்படி ஊறும், தவறவிட்டால் என்ன ஆகும் என்று பலகை நிறையப் படம் போட்டு விளக்கியவர். நான்கூட அதை அழகாக நோட்டில் எடுத்து வைத்திருந்தேன். "அந்தப் படத்தை அழிச்சிடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீரமாகக் கதவைச் சாத்த நினைத்தேன். பனியில் ஊறிய மரக்கதவு, பாதியில் சிக்கிக்கொண்டது. இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு வந்தேன். கோபத்தைக்கூட ஒழுங்காகக் காட்டத் தெரியாதவன் நான்.

திங்கட்கிழமை அந்த அம்மாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு அவர்கள் ஊர்ப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் மலைக்காரர். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்.

"என்ன சார், வெள்ளனே நம்ம பக்கம்? ஏதும் சோலியா?" என்றார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. "பேப்பர்ல தெளிவாக் கெடக்கே சார். நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான உருளும்?"

"பேப்பர் பொய் சார். எழுதுனது நான்."

"அப்ப, பொய் எழுதுன ஆளு இப்பச் சொல்றத மட்டும் நான் நம்பணுமாக்கும்?"

நியாயமான கேள்வி. "மூணாவது பக்கத்தைப் படிங்க சார், அது போதும்" என்றேன். அவர் பீரோவிலிருந்து தன்னிடம் இருந்த நகலை எடுத்துப் படித்தார். விரல் ஒரு வரியில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது 'சார்' போய்விட்டிருந்தது.

"ஏய்யா, திருவிழாவுக்கு ஒரு கொத்து வேப்பிலை வேணும்னாலும் வத்தலக்குண்டுல இருந்துல்ல வரணும்! இந்தக் குளிருக்குள்ள எங்கிட்டுய்யா வேப்பமரம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நகலை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு மாசமா என் பீரோவுல கெடக்கு. நானும் கடைசிப் பக்கத்த மட்டுந்தான் பாத்தேன்" என்றார். என்மேல் இருந்த கோபத்தில் பாதியை அவர் தன்மேல் போட்டுக்கொண்டது அவர் முகத்தில் தெரிந்தது.

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுங்க. எதையும் பாத்து எழுதாம, சொந்தமா எழுதிக் குடுங்க."

நூற்று இருபது பக்கத்தை மூன்று நாளில் எழுதியவனுக்கு அந்த ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. இருபத்து நான்கு நாளில் இரண்டு நாள்தான் போனேன், மீதியெல்லாம் காப்பி, இந்தக் குழந்தை சிவப்பையும் பச்சையையும் பிரித்ததை என் கண்ணால் பார்த்தும் மாற்றி எழுதினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியர் தாளுக்குக் கை நீட்டினார். அதற்குள் அந்த அம்மா குறுக்கே வந்தார்.

"வாசிங்க சார். ஒண்ணும் விடாம."

வாசித்தேன். இந்த முறை இருமவில்லை.

அன்றே குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. "அந்த இருபத்து நாலு நாளு இருக்குல்ல, அதுக்கு நீங்க வந்தாகணும்" என்றார் தலைமையாசிரியர்.

கடிதத்தின் நகலைப் பயிற்சி நிலையத்துக்கும் அனுப்பினேன். என் களப்பணி ரத்தானது. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார யாரும் பிரியப்படவில்லை. அலமாரியில் என் ரெக்கார்டு இருந்த இடத்தில் வேறு ஒன்றை வைத்தார்கள். அதில் எந்த ஊர் மரம் நிழல் கொடுத்துக்கொண்டிருந்ததோ!

வாரத்தில் இரண்டு நாள், பள்ளி விட்டதும் ஜீப் பிடித்து லயத்துக்குப் போனேன். மொத்தம் இருபத்து நான்கு நாள். மூன்றாம் நாளே ஒன்று தெரிந்தது. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை. வலது பக்கம் நின்று கூப்பிட்டால் உடனே திரும்பினாள். சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தேன், அதேதான். இடது காதில் வெகு நாளாகச் சீழ். திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போய்க் காட்டினோம், வைத்தியம் தொடங்கியது. வகுப்பில் அவளை டீச்சர் பக்கம் வலது காது இருக்கும்படி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். டிசம்பரில் ஒரே ஒரு நாள், மூன்றாவது நாள், போயிருந்தால் இது எனக்கு அப்போதே தெரிந்திருக்கும். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

ஒன்பதாம் நாள், காய்ந்த காப்பிக்கொட்டையைத் தரையில் அடுக்கி 'ட' போட்டாள். பதினைந்தாம் நாள் 'ப'. பிறகு இரண்டையும் சேர்த்து, பிரித்து, மறுபடி சேர்த்து, "டப்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சாக்லேட் டப்பாவை நினைத்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி நாள், புது ரெக்கார்டோடு போனேன். பூ இல்லை, மழையில் நனைந்து பாதிப் பக்கம் சுருண்டிருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் 'பெற்றோர் கருத்து' என்று ஒரு கட்டம் உண்டு. பழைய ரெக்கார்டில் 'மிக்க மகிழ்ச்சி' என்று நானே எழுதியிருந்த அதே கட்டம். அந்த அம்மா அடுப்படியில் இருந்தார். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமை என்பதை மறைக்க மாட்டேன். இருபத்து நான்கு நாளும் வந்துவிட்டேனே! ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்க மனசுல என்ன இருக்கோ சொல்லுங்கம்மா, அப்படியே நான் எழுதிக்கிறேன்" என்றேன்.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுத்தான் ரெக்கார்டைக் கொடுத்தேன். அதற்காக இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும், ஒரு குழந்தையைப் பற்றி ஏதாவது எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், அந்த அம்மா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்ன பதில் முதலில் காதில் விழுகிறது. அது விழுந்த பிறகுதான் எழுதுகிறேன்.

"நீங்க எழுதுனது போதும், சார்."